எடை எங்கே உட்காருகிறது?

டிவிஎஸ் எக்ஸெல்லில் ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு காலி இடம் உண்டு. கீழே கால் வைக்கிற தட்டு, மேலே ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் எந்தச் சந்தை நாளிலும் அந்த இடத்தைக் காலியாகப் பார்ப்பது அரிது. அரிசி மூட்டை, மாட்டுத் தீவனம், வாழைத்தார், சிமெண்ட், தண்ணீர் கேன், சில சமயம் நான்கு கால்களும் கட்டப்பட்ட ஒரு ஆட்டுக்குட்டி. 1980-ல் ஓசூரிலிருந்து இதன் முன்னோடியான டிவிஎஸ் 50 வெளிவந்தபோது, இருவர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட் என்ற பெயரில்தான் வந்தது. அதைப் பாரவண்டியாக்கியவர்கள் வாங்கியவர்கள். பால்காரரும் காய்கறி வியாபாரியும் அந்தக் காலி இடத்தைக் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் பின்னால் வந்து சட்டத்தைப் பலப்படுத்தி, கேரியரை அகலமாக்கி, பாரம் சுமப்பதற்கென்றே ஒரு வகையை விற்கத் தொடங்கியது.

எக்ஸெல்லைப்போல இரண்டு மடங்கு குதிரைத்திறன் உள்ள 100 சிசி பைக்குகளும் நம் சாலைகளில் மூட்டை சுமந்துகொண்டிருக்கின்றன. ஆனால் 25 கிலோ அரிசியை எக்ஸெல்லின் முன்தட்டில் வைத்துக்கொண்டு வருபவர் நிம்மதியாக வருகிறார். அதே மூட்டையை பைக்கின் பின் கேரியரில் கட்டியவருக்கு ஹேண்டில் கையில் நிற்பதில்லை. இஞ்சின் பெரிதா சிறிதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு எடை என்பதுகூட இரண்டாவது கேள்விதான். எடை எங்கே உட்காருகிறது, உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருக்கிறதா என்ற இரண்டும்தான் இரு சக்கர வண்டியில் பாரம் ஏற்றுவதன் இயற்பியல்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு 100 சிசி பைக்கின் எடை 110 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 170. இதில் முன்சக்கரம் சுமார் 70 கிலோவையும் பின்சக்கரம் 100 கிலோவையும் தாங்கும். இரண்டு சக்கரங்களின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம் இந்த வகை வண்டிகளில் ஏறத்தாழ 1.25 மீட்டர். எக்ஸெல்லிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இப்போது 25 கிலோ மூட்டையை, பின் அச்சுக்கு 75 சென்டிமீட்டர் முன்னால், அதாவது ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே வைக்கிறோம். எடை இரண்டு சக்கரங்களுக்கும் பங்காகிறது: முன்னால் 15 கிலோ, பின்னால் 10 கிலோ. வண்டி கனத்தது, அவ்வளவுதான். அதன் குணம் மாறவில்லை. அதே மூட்டையைப் பின் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் பின்னால் தொங்குகிற கேரியரில் வைத்தால், பின் அச்சே நெம்புகோலின் ஊன்றுபுள்ளி ஆகிவிடுகிறது. மூட்டை பின்னால் அழுத்த, முன்சக்கரம் மேலே நெம்பப்படுகிறது. 25 கிலோவை ஏற்றினோம், ஆனால் பின்சக்கரத்தில் 30 கிலோ கூடியிருக்கிறது, முன்சக்கரத்தில் 5 கிலோ குறைந்திருக்கிறது. பாரம் ஏற்றியதால் ஒரு சக்கரம் லேசாகிப்போன விந்தை இது.

5 கிலோதானே என்று தோன்றும். 50 கிலோ மூட்டையைக் கேரியரின் கடைசி விளிம்பு வரை தள்ளி, அதன் மையம் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் வருமாறு கட்டினால் முன்சக்கரத்தில் 16 கிலோ போய்விடும். 70 இருந்தது 54 ஆகும். இந்த வண்டி பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏறினால் எடை இன்னும் பின்னால் சாய்ந்து 54 என்பது 40 ஆகும். அந்த ஏற்றத்தில் நின்று, முதல் கியரில் கொஞ்சம் வேகமாகக் கிளம்பினால் இன்னொரு 14 கிலோ போகும். மிஞ்சுவது 26 கிலோ. கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஏதோ ஒன்றில், திருப்ப வேண்டிய முன்சக்கரம் தரையை லேசாக மட்டுமே அழுத்தும் நிலை இதுதான். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். லடாக் போகிற பைக்காரர்கள் பெட்ரோல் கேன்களை வண்டியின் முன்பக்கத்தில், டேங்குக்குக் கீழே இருபுறமும் மாட்டிக்கொள்வதில் இந்தக் கணக்குதான் இருக்கிறது. இடம் போதாமல் அங்கே மாட்டியதாக மட்டும் நினைக்க வேண்டாம்.

முன்சக்கரம் லேசாவதில் பிடிமானம் போவதோடு இன்னொரு இழப்பும் உண்டு. பைக்கின் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக் கோட்டைக் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் போய்த் தரையைத் தொடும். இதனால் தொடுபுள்ளி எப்போதும் பின்னாலேயே இழுபட்டு வருகிறது. சக்கரம் பக்கவாட்டில் விலகினால் சாலையே அதைப் பிடித்து நேராக்கிவிடுகிறது. அந்த நேராக்கும் விசை முன்சக்கரத்தின் மீது உள்ள எடையைப் பொறுத்தது. எடை குறைந்தால் அந்தக் கை விலகிக்கொள்கிறது.

இரு சக்கர வண்டி எப்படி விழாமல் ஓடுகிறது என்பதே எளிதில் பிடிபடாத கேள்வி. 1899-ல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ் விப்பிள் என்ற இளைஞர் சைக்கிளுக்கான சமன்பாடுகளை எழுதினார். சக்கரம் பம்பரம்போலச் சுழல்வதால்தான் நிற்கிறது என்ற பழைய விளக்கம் அரைகுறையானது என்பதை 2011-ல் ஒரு ஆய்வுக்குழு செய்தே காட்டியது. பம்பர விளைவும் இல்லாத, நான் மேலே சொன்ன ஃபோர்க் விளைவும் இல்லாத ஒரு சைக்கிளை அவர்கள் கட்டினார்கள். தள்ளிவிட்டால் அது தானாகவே நிமிர்ந்து ஓடியது. நிறை எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதும் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கும் என்பதை அது காட்டிவிட்டது. பாரம் ஏற்றுபவர்களுக்கு இது முக்கியமான செய்தி. கேரியரில் கட்டும் ஒவ்வொரு மூட்டையும் வண்டியின் வடிவமைப்பை மாற்றுகிறது. ஓசூரிலோ புனேயிலோ ஒரு பொறியாளர் கணக்குப்போட்டு அனுப்பிய வண்டி அதன் பிறகு வேறு வண்டி.

மோட்டார்சைக்கிளுக்கு இந்தக் கணக்கை முழுமையாகப் போட்டவர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் ஷார்ப். அவரது 1971-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். வண்டிக்கு மூன்று இயல்பான அசைவுகள் உண்டு என்று அது சொன்னது. ஒன்று, மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து விழுவது. இதை ஓட்டுபவர் தன்னையறியாமலே திருத்திக்கொண்டே இருக்கிறார். இரண்டாவது, முழு வண்டியும் பாம்புபோல இடமும் வலமும் அலைவது. மெதுவாகப் போகையில் இதன் அதிர்வெண் வினாடிக்கு ஒன்றுக்கும் கீழே இருக்கும், வேகம் கூடக்கூட மூன்று, நான்கு வரை போகும். மூன்றாவது, ஹேண்டில் மட்டும் படபடவென்று நடுங்குவது, வினாடிக்கு ஆறு முதல் பத்து தடவை.

பின்னால் பாரம் கட்டினால் இரண்டாவது அசைவு தூண்டப்படுகிறது. இங்கே தூரத்தின் வர்க்கம் உள்ளே வருகிறது. வண்டியின் நிறை மையத்திலிருந்து ஒரு மீட்டர் பின்னால் வைத்த 10 கிலோ பெட்டி, அதே மையத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் வைத்த 10 கிலோ பெட்டியைவிட 11 மடங்கு அதிகமாக வண்டியின் திரும்பலை எதிர்க்கும். திரும்ப ஆரம்பித்துவிட்டால் 11 மடங்கு பிடிவாதமாகத் தொடரவும் செய்யும். வால் அலையத் தொடங்கினால் எளிதில் நிற்காது. கேரியருக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூரியர் பெட்டி, உணவு விநியோகப் பெட்டி எல்லாமே இந்த வர்க்கத்தின் பிடியில்தான் இருக்கின்றன. பெட்டிக்குள் கனமானதை முதுகுப் பக்கமாக ஒட்டி வைத்து, லேசானதைப் பின்னால் தள்ளினால் கணிசமாக மாறும். இதற்குக் காசு செலவில்லை.

அலைய ஆரம்பித்துவிட்ட வண்டியில் கை இயல்பாகவே பிரேக்கைத் தேடும். சட்டென்று பிரேக் பிடித்தால் நிலைமை மோசமாகும். ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, முழங்கால்களால் டேங்கை இறுக்கி, ஹேண்டிலோடு மல்லுக்கட்டாமல் வேகம் தானாக இறங்க விட வேண்டும். முன்னால் சாய்வதன் பயன் இப்போது விளங்கும்: 60 கிலோ மனித உடல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாலும் அது முன்சக்கரத்துக்குச் சில கிலோவைத் திருப்பிக் கொடுக்கிறது.

ஹேண்டிலில் தொங்கும் கட்டைப்பை கெடுப்பது ஹேண்டிலின் அசைவை. துணிக்கடையில் கொடுக்கும் அந்தப் பையில் ஐந்து கிலோ காய்கறி போட்டு ஒரு பக்கம் மாட்டுகிறோம். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அதையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். அதுவோ தன் போக்கில் ஊசலாடுகிறது. நாம் வலப்பக்கம் போகச் சொன்னால் அது கொஞ்சம் தாமதித்து வலப்பக்கம் வந்து, நாம் நேராக்கிய பிறகும் வலப்பக்கமே இழுக்கும். ஹேண்டில் சுழலும் கோன் செட் தேய்ந்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். வளைவில் பை ஹேண்டிலுக்கும் டேங்குக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் திரும்பவே முடியாது. ஸ்கூட்டரில் சீட்டுக்கு முன்னால் இருக்கும் கொக்கி ஃபிரேமோடு சேர்ந்தது, ஹேண்டிலோடு சுழலாது. அதில் மாட்டுவது வேறு, ஹேண்டிலில் மாட்டுவது வேறு.

பாரங்களிலேயே கடினமானது திரவம். 20 லிட்டர் தண்ணீர் கேன் நிரம்பியிருந்தால் அது ஒரு கல்லைப்போல நடந்துகொள்ளும், உள்ளே அசைய இடமில்லை. பாதி காலியானதும் அது உயிர் பெறுகிறது. உருளை வடிவப் பாத்திரத்தில் திரவம் பக்கத்துக்குப் பக்கம் மோதும் அதிர்வெண்ணைப் பாத்திரத்தின் அகலமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தண்ணீர் கேனின் அகலத்துக்குக் கணக்கிட்டால் வினாடிக்கு 1.9 தடவை வருகிறது. 40 லிட்டர் பால் கேனுக்குச் சுமார் 1.6. மேலே சொன்ன பாம்பு அசைவின் அதிர்வெண் வேகத்தோடு ஒன்றுக்குக் கீழிருந்து மூன்று, நான்கு வரை ஏறுகிறது என்றோம். ஆக, போகிற வழியில் ஏதோ ஒரு வேகத்தில் இரண்டும் சந்திக்கும். அந்த வேகத்தில் வண்டி அலைவதற்கும் பால் மோதுவதற்கும் தாளம் ஒத்துப்போய், ஒன்றை ஒன்று தூண்டிவிடும். காலையில் முழுக் கேனோடு ஒழுங்காக வந்த வண்டி, பாதித் தெருக்களில் ஊற்றிய பிறகு பாரம் குறைந்தும் ஆடுவது இதனால்தான். கொஞ்சம் மெதுவாகவோ கொஞ்சம் வேகமாகவோ போனால் ஆட்டம் அடங்குவதும் இதனால்தான். பால்காரர்கள் மெதுவாகப் போவதையே தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவே சரி.

குடத்தில் தண்ணீர் சுமந்தவர்கள் மேலே ஒரு கொத்து இலையை மிதக்கவிடுவார்கள். தளும்பலின் ஆற்றலை அந்த இலைகள் உராய்வாகத் தின்றுவிடும். 2015-ல் பிரின்ஸ்டன், நியூயார்க் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் திரவத்தின் மேல் நுரை இருந்தால் தளும்பல் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்தார்கள். சில அடுக்குக் குமிழிகளே போதும், ஆட்டம் வெகு விரைவில் அடங்கிவிடுகிறது. குமிழிகள் பாத்திரத்தின் சுவரில் தேய்ந்து ஆற்றலை இழக்கவைக்கின்றன. கறந்த பாலின் மேல் நிற்கும் நுரைக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது. ஆனால் நுரையை நம்பி 40 லிட்டரை ஓட்ட முடியாது. நம்பக்கூடிய வழி, ஒரு பெரிய கேனுக்குப் பதில் சிறிய கேன்களாகப் பிரிப்பது. ஒன்று முழுதாகத் தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறந்தால், எந்த நேரத்திலும் ஒரே ஒரு சிறிய கேன்தான் அரைகுறையாக இருக்கும்.

இருபுறமும் கேன் தொங்கும் வண்டியில் இன்னொரு நுட்பம். 40 லிட்டர் பால் 41 கிலோ. கேனோடு சேர்த்தால் 45 கிலோவைத் தாண்டும். ஒரு பக்கக் கேனை மட்டும் முழுதாக ஊற்றித் தீர்த்துவிட்டால், மறுபக்கம் நடுக்கோட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி 40 கிலோ மிச்சம் தொங்கும். முழு வண்டியின் நிறை மையமும் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். நேராகப் போவதற்கே வண்டியை எதிர்ப்பக்கம் ஐந்து டிகிரி சாய்த்து ஓட்ட வேண்டும். டயர் நடுவில் உருளாமல் ஓரத்தில் உருளும். ஈரச் சாலையில் அது வழுக்கும். இடக் கேனிலிருந்து ஒரு வீட்டுக்கு, வலக் கேனிலிருந்து அடுத்த வீட்டுக்கு என்று மாற்றி மாற்றி ஊற்றுகிற பால்காரரைக் கவனித்துப் பார்த்தால் அவர் நிறை மையத்தை நடுக்கோட்டிலேயே வைத்துக்கொண்டு போவது தெரியும். நிறுத்தும்போதும் இதே எச்சரிக்கைதான். நம் வண்டிகளின் சைடு ஸ்டாண்டு இடப்பக்கம். வலப்பக்கக் கேன் மட்டும் நிரம்பியிருந்தால் வண்டி ஸ்டாண்டைவிட்டு எழுந்து மறுபக்கம் சாயும். பாரம் ஏற்றும்போதும் இறக்கும்போதும் டபுள் ஸ்டாண்டு போட்டே தீர வேண்டும்.

உயரத்தைப் பற்றிப் பொதுவாக எல்லோரும் சொல்வது, பாரம் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது. அது சரிதான், ஆனால் காரணம் பலர் நினைப்பதுபோல் இல்லை. உள்ளங்கையில் பென்சிலை நிறுத்துவது கஷ்டம், நீளமான துடைப்பக்கட்டையை நிறுத்துவது சுலபம். உயரமாக உள்ள எடை மெதுவாகச் சாய்கிறது, திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஓடும் வண்டியிலும் அப்படியே. தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் குடங்களோடு போகும் வியாபாரி தடுமாறாமல் போவதில் இதற்கும் பங்கு உண்டு, குடங்கள் லேசானவை என்பதற்கும் பங்கு உண்டு. ஆபத்து வருவது வண்டி நிற்கும்போது. 60 கிலோவை 1.2 மீட்டர் உயரத்தில் வைத்து, சிக்னலில் நிற்கையில் பத்து டிகிரி சாய்ந்துவிட்டால், அதை நிமிர்த்தக் காலுக்குத் தேவைப்படும் முயற்சி, அதே 60 கிலோ 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் தேவைப்படுவதைப்போல மூன்று மடங்கு. உயர்ந்த பாரம் ஓட்டத்தில் நம்பிக்கை கொடுத்து, நிற்கும்போது கைவிட்டுவிடும். ஊன்றிய காலுக்குக் கீழே மணலோ பள்ளமோ இருந்தால் போதும்.

நிறுத்துவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 170 கிலோ வண்டி, நிதானமாக அழுத்திய பிரேக்கில் 15 மீட்டரில் நிற்கிறது என்று கொள்வோம். 100 கிலோ பாரம் ஏற்றிய பிறகு, கையும் காலும் அதே அழுத்தம் கொடுத்தால் அதே வண்டிக்கு 24 மீட்டர் வேண்டும். ஒன்பது மீட்டர் என்பது இரண்டு கார்களின் நீளம். நாம் ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடும் முன் ஓடிவிடும் பத்துப் பதினொரு மீட்டர் இதற்கு வெளியே. கூடுதலாக அழுத்தினால் போதாதா என்றால், சிறு வண்டிகளின் டிரம் பிரேக்குக்கு ஒரு எல்லை உண்டு. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் டிரம் சூடேறி, லைனிங்கின் பிடி குறைந்துகொண்டே போகும். கீழ் கியரில் இறங்குவது அதற்காகத்தான். எக்ஸெல் போன்ற கியர் இல்லாத வண்டிக்கு அந்த உதவியும் குறைவு. எடுத்த எடுப்பிலேயே வேகத்தைக் குறைத்து இறங்குவதைத் தவிர வழியில்லை. 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் சிறு வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. பின்னால் பாரம் இருக்கும்போது பின்பிரேக்குக்கு வழக்கத்தைவிடப் பிடிமானம் அதிகம் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற பழக்கம் இங்கே இரட்டிப்புப் பலன் தரும்.

டயருக்கு வருவோம். டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 47P, 54P என்பதுபோல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எழுத்து வேகத்துக்கு, எண் பாரத்துக்கு. 47 என்றால் அந்த டயர் தாங்கக்கூடியது 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ, அதுவும் முழுக் காற்று இருந்தால். நம் கணக்கில் 50 கிலோ மூட்டை கட்டிய பைக்கின் பின்சக்கரம் ஏற்கெனவே 166 கிலோவில் இருக்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அந்த நொடியில் அது எங்கேயோ போய்விடும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுங்கல் வெப்பமாகிறது, வெப்பம் டயரின் உள்நூல்களைத் தளர்த்துகிறது. செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒருவர் போனால் எவ்வளவு, இருவர் போனால் எவ்வளவு காற்று என்று தனித்தனியே போட்டிருக்கும். பாரம் ஏற்றினால் இரண்டாவது எண்தான் நமக்கு. பஞ்சர் கடையில் வாய்திறந்து அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் எல்லா வண்டிக்கும் பிடிக்கிற அளவுதான் கிடைக்கும்.

பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து பெரும்பாலானோர் அதைத் தொட்டதே இல்லை. டூல் கிட்டில் உள்ள கொக்கி ஸ்பேனரால் அதை ஒன்றிரண்டு படி திருகினால் ஸ்பிரிங் இறுகி, பாரத்தோடு வண்டி அதிகமாக உட்காராது. இல்லாவிட்டால் என்ன ஆகும்? பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் முழு வண்டியும் இரண்டு டிகிரிக்கு மேல் பின்னால் சாய்கிறது. ஹெட்லைட்டும் அதே அளவு மேலே தூக்குகிறது. 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தைவிட இரண்டு மீட்டர் உயரத்தில் விழும். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், நம் சாலை இருட்டாகும். விடியுமுன் கிளம்பும் கீரைக்காரரும் பால்காரரும் தினமும் இந்த இருட்டில்தான் ஓட்டுகிறார்கள்.

இனி கட்டுவது. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்த பட்டைதான் நம் ஊரின் பாரக்கயிறு. அதைக் கட்டுபவரின் கையைப் பார்க்க வேண்டும். மூட்டையின் மேல் இழுத்துவிட்டு உடனே முடிச்சுப் போட மாட்டார். கேரியர் கம்பியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதற்கப்புறம் முனையை உள்ளே செருகிவிடுவார். முடிச்சே கிடையாது, ஆனாலும் அவிழாது. கம்பியைச் சுற்றிய கயிற்றின் உராய்வு கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளர்கிறது. இதை 18-ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டவர் லியோனார்ட் ஆய்லர். சாதாரண உராய்வுள்ள கயிற்றுக்கு ஒரு சுற்று, இழுவிசையை ஆறரை மடங்கு தாங்க வைக்கிறது. இரண்டு சுற்று 43 மடங்கு. மூன்று சுற்று 280 மடங்குக்கு மேல். முனையில் விரலால் பிடித்தாலே போதும் என்கிற நிலை. இரும்பில் ரப்பரின் பிடி கயிற்றைவிட அதிகம் என்பதால் டியூபுக்கு இது இன்னும் பொருந்தும்.

ஆனால் டியூப் நீளும். அதன் பலமும் பலவீனமும் அதுவே. மூட்டை கொஞ்சம் அமுங்கினாலும் டியூப் சுருங்கி இறுக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அதே சமயம் ஒவ்வொரு குலுக்கலிலும் மூட்டையைத் துள்ளவும் விடும். துள்ளுகிற பாரம் தளும்புகிற திரவத்துக்கு அண்ணன். கனமான பாரத்தை முதலில் நீளாத கயிற்றால் இறுக்கிவிட்டு, அதன் மேல் டியூபைப் போடுவது நல்லது. இரும்புக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு கனத்த சாமானுக்கு உதவாது. கை நழுவினால் அந்தக் கொக்கி முகத்துக்கு வரும், கண்ணைப் பறித்துவிடும். கயிறு போகும் கோணமும் முக்கியம். மேலிருந்து நேராகக் கீழே இறங்கும் கயிறு முழு விசையோடு மூட்டையைக் கேரியரில் அழுத்துகிறது. கேரியர் மட்டத்திலிருந்து 30 டிகிரியில் படுத்த மாதிரி போகும் கயிறு பாதி விசையைத்தான் கீழ்நோக்கித் தரும். அது முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் வேலைக்கு ஆகும். அதனால் இரண்டு வகையும் வேண்டும், பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே போட்டால் இரண்டும் ஓரளவு கிடைக்கும். கயிற்றின் மிச்ச முனையைத் தொங்க விடக் கூடாது. பின்சக்கரத்திலோ செயினிலோ அது சுற்றிக்கொண்டால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

எவ்வளவு ஏற்றலாம் என்ற கேள்வியைக் கடைசிக்கு விட்டேன். எக்ஸெல் 100-க்கு நிறுவனம் சொல்லும் பாரம் 130 கிலோ. அதில் ஓட்டுபவரும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 65 கிலோ ஆள் என்றால் சரக்குக்கு மிச்சம் 65 கிலோ. இரண்டு முழு பால் கேன்களில் அது தாண்டிவிடுகிறது. தினமும் தாண்டித்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் வண்டி தடுமாறாது, ஆனால் பிரேக்கும் டயரும் வெல்டிங்கும் மொத்த எடையையும் பார்க்கின்றன. இரண்டு நடையாகப் போக முடிந்தவர் இரண்டு நடையாகப் போகட்டும். முடியாதவர் வேகத்தைப் பாதியாக்கட்டும். வேகம் பாதியானால் வண்டியின் இயக்க ஆற்றல் கால்வாசியாகிவிடும், பிரேக் பிடித்தபின் நிற்க வேண்டிய தூரமும் கால்வாசியாகும். 130-ஐத் தாண்டியவருக்கு இயற்பியல் கொடுக்கும் ஒரே சலுகை அது.

கட்டி முடித்ததும் மூட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் உலுக்கிப் பார்க்க வேண்டும். மூட்டை மட்டும் அசைந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். முழு வண்டியும் சேர்ந்து அசைந்தால் கிளம்பலாம். கிளம்பி இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தியாக வேண்டும், ஏனென்றால் அரிசியும் தீவனமும் முதல் குலுக்கல்களில் அமுங்கி, மூட்டை சுருங்கி, கயிறு தளர்ந்திருக்கும். மழை நாளில் நைலான் கயிறு நனைந்து இன்னும் இளகும். அங்கே கயிற்றை ஒரு சுற்று அதிகம் சுற்றி, பின் டயரைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடு அதிகமாக இருந்தால் அடுத்த பஞ்சர் கடையில் காற்றைச் சரிபார்த்துவிட்டுப் போகலாம்.